முதற் கேமரா வாங்குமுன்

மூத்த மகளின் புதுநன்மை விழாவை நாமே படமெடுக்க வேண்டுமென்னும் ஆவலால், சென்ற ஆண்டு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை வாங்கத் துணிந்தோம். 2003-இல் கேனன் நிறுவனம் 300டி கேமராவை ஆயிரம் டாலருக்கும் குறைந்த விலையில் வெளியிட்ட பின்னரே இக்கருவி பொழுதுபோக்காகப் படமெடுப்போர்க்கு எட்டலாயிற்று. இன்றோ மிர்ரர்லெஸ் கேமராக்கள் பெருகிவிட்டமையால், ஒருவர் பயன்படுத்திய எஸ்.எல்.ஆர். கேமராக்கள் மலிவாகவே கிடைக்கின்றன. வீட்டு வரவு செலவை நோக்குங்கால் நமக்கும் அதுவே வழியாயிற்று.

நிக்கான் டி3500 ஒன்றைத் தேர்ந்தோம். அதனுடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸ், தூரத்தை நெருக்கிக் காட்டும்போது எப்/5.6 அளவே திறக்கும். எப்/1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸோ அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆலயத்தினுள் பிளாஷ் அடித்துத் திருப்பலிக்கு இடையூறு செய்ய நாம் விரும்பவில்லை. எனவே பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் வாங்கினோம். விற்றவர் சொல்லாது விட்டதும், நாம் கேட்கத் தவறியதும் ஒன்றுண்டு. பழைய 'ஏஎப்-டி' லென்ஸினுள் மோட்டார் இல்லை; டி3500 கேமராவினுள்ளும் இல்லை! தானாகக் குவியாது, கையால் திருக வேண்டும். 'ஏஎப்-எஸ்' எனப் பொறித்ததைக் கேட்டு வாங்கியிருத்தல் வேண்டும்.

விழாவன்று வளையத்தைத் திருகி முடிப்பதற்குள் மகள் நற்கருணை பெற்றுத் திரும்பிவிட்டாள். படத்தில் பீடத்து மெழுகுவர்த்திகள் தெளிவாக உள்ளன. அவள் முகந்தான் கலங்கியுள்ளது. இளையவளின் புதுநன்மைக்கு இன்னும் இரண்டாண்டுகள் உள்ளன. இல்லாள் இப்போதே உண்டியல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டாள்.