நவம்பர் 1-க்குள் கையெழுத்திடலாமா?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அக்டோபர் வந்தாலே இந்தக் கேள்வி எழும்: கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பதா, ஜனவரி வரை பொறுப்பதா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘ஏர்லி ஆக்‌ஷன்’ முறையில் இடம் கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம். எம்.ஐ.டி.யில் இதுதான். ஹார்வர்டு, யேலிலும் இதுவே. ஆனால் அதே சுற்றில் மற்றத் தனியார் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. ‘ஏர்லி டெசிஷன்’ அப்படியல்ல. பிரவுன், கொலம்பியா, கார்னெல் போன்றவற்றில் உள்ள முறை இது. ஒரே கல்லூரிதான். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மாணவருடன் பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் கையெழுத்திடுகிறார்கள்.

முந்திக்கொண்டால் இடம் கிடைப்பது எளிது என்கிறார்கள். விகிதம் கூடுதல்தான். ஆனால் கல்லூரியே முன்பே பேசி வைத்திருக்கும் விளையாட்டு வீரர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. இதைப் பலர் கவனிப்பதில்லை.

உண்மையான சிக்கல் பணம். டிசம்பர் நடுவில் கையில் இருப்பது ஒரே ஒரு உதவித்தொகைக் கடிதம். பக்கத்தில் வைத்து ஒப்பிட வேறொன்று இருக்காது. உதவி போதாவிட்டால் விலகிக்கொள்ள வழி உண்டு. போதுமா போதாதா என்பதில்தான் கல்லூரியின் கணக்கும் வீட்டுக் கணக்கும் முட்டிக்கொள்ளும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே, கல்லூரி இணையதளத்தில் உள்ள செலவு மதிப்பீட்டுக் கருவியில் குடும்ப வருமானத்தை இட்டுப் பாருங்கள். மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் உள்ள கல்லூரிகள் அதை வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். வரும் தொகை தோராயமானதுதான். அதுவே கட்டுப்படியாகவில்லை என்றால் ஜனவரியில் நான்கைந்து இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு, வரும் கடிதங்களை ஏப்ரலில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.