பளுதூக்கியின் திறனும் அதன் எல்லையும்

இயந்திரக் கடன் கோரி நம் கிளைகளுக்கு வரும் ஒப்பந்ததாரர்களுள், பேச்சுவழக்கில் 'கிரேன்' எனப்படும் பளுதூக்கியை வாங்க முனைவோரும் உண்டு. விலைப்புள்ளியையும் வரிக்கணக்கையும் சரிபார்க்கும் நாம் அவர்களிடம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உள்ளது. விலைப்புள்ளியில் 50 டன் என்றிருக்கிறதே, அது எந்த நிலையில் 50 டன்?

வழக்கமாக, இயந்திரத்தின் கை ஒடுங்கி, சுழல் மையத்திலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் தொலைவில் சுமை தொங்கும்போது மட்டுமே அத்திறன் கிட்டும். கை நீள நீளத் திறன் விரைந்து குறையும். 5 டன் சுமை 10 மீட்டர் தொலைவில் இருந்தால் கவிழ்க்கும் விசை 50 டன்-மீட்டர். அதே சுமையை 20 மீட்டருக்குக் கொண்டுசென்றால் அது 100 ஆகிறது. சுமை கூடவில்லை, ஆபத்து இரட்டித்துவிட்டது. எந்தத் தொலைவில் எவ்வளவு தூக்கலாம் என்பதை ஓட்டுநர் அறையிலுள்ள சுமை அட்டவணை கூறும். கொக்கி, சங்கிலி, கயிறு ஆகியவற்றின் எடையும் அந்த அளவிற்குள் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கயிற்றின் சாய்வும் கருதத்தக்கது. 1 டன் பொருளை இரு கயிறுகளால் செங்குத்தாகத் தூக்கினால் ஒவ்வொன்றும் அரை டன் தாங்கும். கிடைமட்டத்திற்கு 30 பாகை சாய்வில் அவை விரிந்திருந்தால், ஒவ்வொரு கயிறும் முழு 1 டன்னைத் தாங்க நேரிடும். காற்றும் அத்தகையதே: வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். அண்மையில் மண் நிரப்பிய பள்ளத்தின் மேல் தாங்குகால்களை ஊன்றுவதைப் பற்றித் தனியே கூறவேண்டியதில்லை.

2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் 70 டன் பளுதூக்கி சுமைச் சோதனையின்போது சரிந்து 11 பேர் மாண்டனர். சரியாக மூன்றாண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 1 அன்று, மகாராஷ்டிரத்தின் ஷாஹாபூர் அருகே சம்ருத்தி விரைவுச்சாலைப் பாலப் பணியில் விட்டங்களை ஏற்றிவைக்கும் இயந்திரம் வீழ்ந்து 20 பேர் உயிரிழந்தனர். சோதனை என்பதே இயந்திரத்தின் வலிமை இன்னும் உறுதியாகாத நிலை. அவ்வேளையில் இன்றியமையாத சிலரைத் தவிர எவரும் அதன் மேலோ கீழோ இருத்தல் கூடாது என்பது நம் கருத்து.

தூக்கும் இயந்திரங்களைத் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாக ஆய்ந்து சான்றளிக்க வேண்டுமென 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு வகுத்தது. தண்டவாளத்தில் நகரும் பளுதூக்கி, பாதையருகே பணிபுரிபவரை 6 மீட்டருக்குள் நெருங்காதிருக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் அப்பிரிவு கூறியது. ஆண்டுச் சான்று இருப்பதாலேயே அன்றாடப் பார்வையைக் கைவிடலாகாது. கம்பிக் கயிற்றில் அறுந்த இழைகள், கொக்கியின் வாய் விரிவு, மிகைச்சுமையை எச்சரிக்கும் கருவி ஆகியவற்றைக் காலைதோறும் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். அக்கருவியின் ஒலி தொல்லையென்று அதனைத் துண்டித்துவைப்பதைப் போன்ற பேதைமை வேறில்லை.

இனி, காப்பீடு. ஒப்பந்ததாரர் இயந்திரக் காப்பீட்டு ஆவணத்தின் விலக்குப் பகுதியைத் தவறாது படிக்குமாறு வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம். இயந்திரத்தின் உட்பழுது, சோதனையின்போது நேரும் சேதம், வடிவமைக்கப்படாத பணிக்குப் பயன்படுத்துதல் முதலியவை பொதுவாக அதில் விலக்கப்பட்டிருக்கும். தொழிலாளர்க்குரிய இழப்பீடும் அதில் அடங்காது. அதற்குத் தனிக் காப்பீடு தேவை. இழப்பீடு மறுக்கப்பட்டாலும் கடன் தவணை நிற்பதில்லை. வீட்டுப் பத்திரத்தைப் பிணையாக வைத்தவருக்கு இதன் பொருள் விளங்கும்.

ஆகவே கடன் விண்ணப்பத்துடன் ஆய்வுச் சான்று, ஓட்டுநரின் பயிற்சிச் சான்று, காப்பீட்டு ஆவணம் ஆகிய மூன்றின் நகல்களையும் கொணர்க. பழைய பளுதூக்கியை வாங்குவோர், முன்பணம் தருவதற்கு முன்பே அதன் சுமை அட்டவணையையும் பழுதுபார்ப்புப் பதிவேட்டையும் விற்பவரிடம் கேட்டுப் பெறுக.