புதுச்சேரி சளி மாதிரியும் பாஸ்டன் பேராசிரியரும்... வெளிநாட்டு ஆராய்ச்சி நிதி எப்படிக் கிடைக்கிறது?

காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். சிலருக்கு முழுசாகக் குணமாகிறது. சிலருக்கு மீண்டும் வருகிறது. ஒரே வீட்டில், ஒரே அறையில் படுத்து எழுந்தவர்களில் ஒருவருக்குத் தொற்றுகிறது. இன்னொருவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேட, புதுச்சேரியிலும் பக்கத்துக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் வீடு வீடாகப் போனார்கள் ஆராய்ச்சிக் குழுவினர். நோயாளிகளோடு அவர்கள் வீட்டில் இருப்பவர்களையும் தொடர்ந்து கண்காணித்தார்கள். இந்தப் பக்கம் ஜிப்மர். அந்தப் பக்கம் அமெரிக்காவின் பாஸ்டன், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகள். ‘ரிப்போர்ட் இந்தியா’ என்ற பெயரில் 2013-ல் தொடங்கிய பெரிய திட்டத்தின் ஒரு பகுதி இது. வேலூர் சி.எம்.சி., சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், புனே பி.ஜே. மருத்துவக் கல்லூரி ஆகியவையும் இதில் உண்டு.

பணம்? இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஒரு பங்கு, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். ஒரு பங்கு. நம் ஊர் நோயாளிகளிடம் ஊட்டச்சத்துக் குறைவு, சர்க்கரை நோய், குடிப்பழக்கம் எந்த அளவுக்குச் சேர்ந்தே இருக்கின்றன என்பதை 2017-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று எடுத்துக்காட்டியது. மாத்திரை மட்டும் கொடுத்தால் போதாது, சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும் என்ற பேச்சுக்கு அது வலு சேர்த்தது.

சென்னை காட்டிய வழி

வெளிநாட்டுக் கூட்டணியால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு 1956-ம் ஆண்டுதான் பதில். அன்று காசநோய் வந்தால் ‘சானடோரியம்’ எனும் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். ஏழைக்கு அந்தப் படுக்கை எங்கே கிடைக்கும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு நடத்தின. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று நிரூபித்தன. உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்பட அந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம்.

விண்ணப்பம் என்பது கதை சொல்வது

வெளிநாட்டு நிதி கேட்பது, வங்கியில் கடன் கேட்பது மாதிரி இல்லை. முதலில் நிதி தரும் அமைப்பு ‘இந்த விஷயத்தில் ஆய்வு வேண்டும்’ என்று அழைப்பு விடும். அதில் சொன்ன தலைப்பை விட்டு விலகினால், எவ்வளவு நல்ல யோசனையானாலும் குப்பைக்கூடைதான்.

அடுத்தது ஜோடி. இங்கே ஒரு முதன்மை ஆய்வாளர், அங்கே ஒரு முதன்மை ஆய்வாளர். நோயாளிகளும் களமும் நம்மிடம். விலை உயர்ந்த கருவியோ, புள்ளியியல் வல்லுநரோ அவர்களிடம். ‘நீ இல்லாமல் நான் செய்ய முடியாது’ என்று இரண்டு பக்கமும் சொல்லும்படி இருந்தால்தான் அது கூட்டணி. பெயருக்குச் சேர்த்துக்கொண்ட கூட்டாளியை மதிப்பீட்டாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என்.ஐ.எச். விண்ணப்பத்தில் உயிர்நாடி ஒரே ஒரு பக்கம். என்ன கேள்வி, ஏன் முக்கியம், எப்படி விடை காண்போம் என்று அந்த ஒரு பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். பெரிய திட்டங்களுக்கும் ஆய்வு விளக்கம் 12 பக்கத்தைத் தாண்டக் கூடாது. சக விஞ்ஞானிகள் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். நம் பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக, 1 வாங்கினால்தான் முதல் மாணவர்! பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல்முறை திரும்பித்தான் வரும். குறைகளைச் சரிசெய்து மறுபடி அனுப்புவது இந்தத் துறையில் சகஜம்.

பட்ஜெட்டில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கருவிக்கும் ரசாயனத்துக்கும் கணக்குப் போடுவார்கள். வீடு வீடாகப் போகும் களப்பணியாளரின் சம்பளம், நோயாளியின் பஸ் செலவு, மாதிரிகளைப் பாதுகாக்கும் ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர், டாலர் மதிப்பின் ஏற்ற இறக்கம் எல்லாம் விட்டுப்போகும். மூன்றாவது வருடம் கையைப் பிசைய வேண்டியதுதான்.

பணம் வந்தால் மட்டும் போதாது

நிதி கிடைத்துவிட்டாலும் உடனே வேலையைத் தொடங்க முடியாது. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். வெளிநாட்டுக் கூட்டு என்பதால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவும் பச்சைக்கொடி காட்ட வேண்டும். இந்த வேலையை டெல்லியிலுள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒருங்கிணைக்கிறது. புது மருந்தையோ சிகிச்சையையோ சோதிப்பதானால் மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். தொண்டு நிறுவனங்கள் என்றால் வெளிநாட்டு நிதிச் சட்டப் பதிவும் அவசியம். ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க, 2020-ல் வந்த திருத்தம் தடை போட்டுவிட்டது.

இதெல்லாம் வெறும் சிவப்பு நாடா இல்லை. நம் ஊர்க்காரரின் ரத்தமும் சளியும் சம்பந்தப்பட்ட விஷயம். எதற்காக எடுக்கிறார்கள், வெளிநாட்டுக்குப் போகுமா, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் தமிழில் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று அவர் எப்போது சொன்னாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது. மாதிரி வெளியே போவதானால், அதை எதற்குப் பயன்படுத்தலாம், கண்டுபிடிப்பின் பலன் யாருக்கு என்று இரு நிறுவனங்களும் எழுதி ஒப்பந்தம் போடுவது வழக்கம். ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது.

குழாயை அங்கே மூடினால்?

2025 மே மாதம் என்.ஐ.எச். வெளியிட்ட ஓர் அறிவிப்பு பல நாட்டு ஆராய்ச்சியாளர்களைத் திடுக்கிட வைத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் தனக்குக் கிடைத்த நிதியிலிருந்து வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் பிரித்துத் தரும் பழைய முறையை நிறுத்திவைத்து, புதிய முறை கொண்டுவருவதாக அது சொன்னது. பல ஆண்டுகள் பின்தொடர வேண்டிய நோயாளிகளைப் பாதியில் விட்டால், அதுவரை சேர்த்த உழைப்பு அரைகுறையாகிவிடும். களப்பணியாளருக்கு வேலை போய்விடும். இரு நாடுகளும் பங்கு போடும் திட்டங்களின் அருமை இப்போதுதான் தெரிகிறது.

புதுச்சேரிக்குப் பக்கத்துக் கதவு

அந்த விதத்தில் புதுச்சேரிக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. ஜிப்மரின் வேர், 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளி. இன்று இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து நிதி தரும் ‘செஃபிப்ரா’ எனும் மையம் 1987 முதல் டெல்லியில் இயங்குகிறது. இந்தியாவில் ஒருவர், பிரான்ஸில் ஒருவர் சேர்ந்து விண்ணப்பித்தால் கூட்டு ஆய்வுக்கு உதவி கிடைக்கும். பிஎச்.டி. மாணவர்களுக்கு ‘ராமன் - ஷார்பாக்’ உதவித்தொகை உண்டு. திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் பெயரும், பிரான்ஸின் நோபல் விஞ்ஞானி ஷார்பாக் பெயரும் சேர்ந்தது. சில மாதங்கள் பிரெஞ்சு ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய அரசின் மையமும் 1975 முதல் இதே ஊரில் இருக்கிறது. உயிரியல் படிக்கும் பிள்ளைகள் செய்ய வேண்டியது இதுதான்: பெரிய நிதிக்கு முன்னால் சின்ன நிதியில் பழகுங்கள். நீங்கள் விரும்பும் துறையில் நல்ல கட்டுரை எழுதிய வெளிநாட்டு விஞ்ஞானிக்கு, அவர் வேலையைப் படித்துவிட்டு நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். விண்ணப்பத்தை, துறை தெரியாத ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்குப் புரிந்தால், பாஸ்டனிலும் பாரிஸிலும் உட்கார்ந்து படிப்பவர்களுக்கும் நிச்சயம் புரியும்.