வெறும் பொக்கிஷமும் புதிய சர்க்காரும்

1783-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மேரிலாந்து ராஜ்யத்தின் அனாபொலிஸ் நகரத்தில் கூடியிருந்த அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு விசித்திரமான சங்கடத்தில் அகப்பட்டுக்கொண்டது. எட்டு வருஷகாலம் இரத்தம் சிந்திப் போராடிப் பெற்ற சுதந்திரத்துக்கு அத்தாட்சியான சமாதான உடன்படிக்கை, செப்டம்பர் 3-ஆம் தேதி பாரிஸில் கையெழுத்தாகிக் கடல் கடந்து வந்து சேர்ந்துவிட்டது. ஆறு மாதத்துக்குள் அதை ஊர்ஜிதம் செய்து திருப்பியனுப்ப வேண்டுமென்பது நிபந்தனை. ஊர்ஜிதம் செய்வதற்கு ஒன்பது ராஜ்யங்களின் பிரதிநிதிகள் வேண்டும். வந்திருந்ததோ ஏழு ராஜ்யங்களின் பிரதிநிதிகளே. ஓலைக்குமேல் ஓலை போயிற்று, நாட்கள் கழிந்தன. கடைசியில், பிலடெல்பியாவில் நோயாகப் படுத்திருந்த தென் கரோலினா பிரதிநிதி ஒருவரும் எழுந்து வந்த பிறகுதான் எண்ணிக்கை நிரம்பி, 1784 ஜனவரி 14-ஆம் தேதி அந்த உடன்படிக்கை நிறைவேறியது. தங்கள் சுதந்திரத்தைத் தாங்களே ஒப்புக்கொள்வதற்குக்கூட ஆள் சேராத ஒரு சபைதான் அன்று அமெரிக்காவின் தேசிய சர்க்கார்!

இந்த நிலைமை யாருடைய சோம்பலாலும் வந்ததன்று. வேண்டுமென்றே அமைத்துக்கொண்டதன் விளைவு. தூரத்திலிருந்த ஒரு பார்லிமெண்டு தங்களைக் கேளாமல் வரி விதித்ததென்பதற்காக ஆயுதமெடுத்த ஜனங்கள், அதே அதிகாரத்தை மற்றொரு சபையிடம் ஒப்படைக்க விரும்புவார்களா? ஆகவே 1781 மார்ச்சில் அமலுக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி, காங்கிரஸ் யுத்தம் செய்யலாம், சமாதானம் பேசலாம், கடன் வாங்கலாம். ஆனால் ஒரு காசு வரி விதிக்கக் கூடாது. தலைமை நிர்வாகி என்று ஒருவர் இல்லை. தேசிய நியாயஸ்தலமும் இல்லை. விதிகளில் ஒன்றைத் திருத்துவதற்கும் 13 ராஜ்யங்களும் ஏகமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஊர்த் திருவிழாவுக்குத் தெருவுக்குத் தெரு தலைக்கட்டு வரி எழுதிவிட்டு, கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், கொடாதவர்களைக் கேட்பாரில்லை என்று விட்டுவிட்டால், கொடியேற்றத்துக்கே தர்மகர்த்தா கடன் வாங்க நேருமல்லவா? காங்கிரஸின் கதி அதுதான். அமெரிக்கக் குடியரசின் ஆரம்ப காலச் சோதனைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்ப்பவர்களுக்கு, அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் இந்த ஒரு கேள்வியே கிடப்பது புலப்படும்: ஜனங்களிடம் பணம் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, அவர்கள் எதனை நம்பி அதைக் கொடுப்பார்கள்?

யுத்தகாலத்தில் காங்கிரஸ் அச்சடித்துத் தள்ளிய காகித நாணயம், ஒன்றுக்கும் உதவாத பொருளுக்கு உவமையாகச் சொல்லப்படும் அளவுக்குச் சீரழிந்துபோயிற்று. இறக்குமதிச் சரக்குகளுக்கு நூற்றுக்கு 5 வீதம் சுங்கம் விதிக்க அனுமதி தரவேண்டுமென்று காங்கிரஸ் கேட்டபோது, ராஜ்யங்களிலெல்லாம் மிகச் சிறியதாகிய ரோட் ஐலண்ட் 1782-ல் மறுத்துவிட்டது. அந்த ஒரு மறுப்பே திட்டம் முழுவதையும் கவிழ்க்கப் போதுமானதாயிற்று. சிறிது மாற்றி மறுபடியும் கேட்டபோது, துறைமுக வருமானத்தைக் கைவிட மனமில்லாத நியூயார்க் குறுக்கே நின்றது.

சம்பளமில்லாத சேனை நெடுங்காலம் சும்மா இராது. யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் பிரபு சரணடைந்து (பின்னர் நம் நாட்டுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு பொருதவர் இவரேதான்) ஒன்றரை வருஷமாகியும் பாக்கி தீராத நிலையில், நியூபர்க் முகாமிலிருந்த அதிகாரிகள் காங்கிரஸை மிரட்டிப் பார்க்கலாம் என்ற யோசனைக்கு வந்துவிட்டார்கள். 1783 மார்ச் 15-ஆம் தேதி அவர்கள் கூடியிருந்த மண்டபத்துக்குள் சேனாபதி வாஷிங்டன் எதிர்பாராமல் நுழைந்து, நெடுநேரம் புத்தி சொன்னார், முகங்கள் இளகவில்லை. பிறகு ஒரு கடிதத்தைப் படிப்பதற்காகத் தம் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தவர், தேச ஊழியத்தில் தலை நரைத்ததோடு பார்வையும் மங்கி வருவதாகச் சொல்லி, அதை மாட்டிக்கொள்ளப் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர் கண்ணாடி அணிவதை அதுவரை பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. அத்தனை நேரப் பேச்சும் செய்யாததை அந்தச் சிறு செய்கை செய்துவிட்டது. அநேகர் கண்ணீர் விட்டார்களாம். ஆயினும் எல்லா இடத்திலும் வாஷிங்டன் இருக்க முடியுமா? அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சம்பளம் கேட்டுக் கிளம்பிய பென்ஸில்வேனியா சிப்பாய்கள் பிலடெல்பியாவில் சபை மண்டபத்தைச் சூழ்ந்துகொள்ள, காங்கிரஸ் அங்கத்தினர்கள் பிரின்ஸ்டனுக்கு ஓடிப்போனார்கள். அடுத்த ஆண்டு சேனையைக் கலைத்தபோது, பாக்கி நின்றவர்கள் சாமான்களைக் காவல் காக்கும் 80 பேரே!

80 சிப்பாய்களைக் கொண்ட தேசத்தை யார் மதிப்பார்கள்? டெட்ராயிட், நயாகரா முதலிய எல்லைக் கோட்டைகளை உடன்படிக்கையின்படி விட்டுப்போக வேண்டிய பிரிட்டிஷார், அமெரிக்கர்கள் பழைய கடன்களை இன்னும் தீர்க்கவில்லை என்று காரணம் காட்டி அங்கேயே இருந்தார்கள். மிஸிஸிப்பி நதியின் முகத்துவாரத்தை ஸ்பெயின் அடைத்தது. யுத்தத்தில் கைகொடுத்த பிரான்ஸுக்கு வட்டி கட்டுவதற்கும் வழியில்லாமல் போயிற்று.

வெளியில் இந்த அவமானம் என்றால், உள்ளே குடியானவர்களின் துயரம் முற்றிக்கொண்டு வந்தது. தன் யுத்தக் கடனை அடைப்பதற்காக மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யம் விதித்த கனமான வரிகளைக் கையில் நாணயமில்லாத மேற்குப் பகுதி விவசாயிகள் கட்ட முடியாமல் தவிக்க, நிலங்கள் ஜப்தியாயின. கடனாளிகள் சிறைக்குப் போனார்கள். 1786-ல் அவர்கள் திரண்டு சென்று, கடன் வழக்குகள் நடவாதபடி நியாயஸ்தலங்களை மூடச் செய்தார்கள். அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ், சுதந்திர யுத்தத்தில் காப்டனாக இருந்தவர். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையை நோக்கி வந்த அவர்கள்மீது பீரங்கி சுட்டு 4 பேர் மாண்டார்கள். அந்தக் கலகத்தை அடக்கக் காங்கிரஸிடம் சேனையுமில்லை, பணமுமில்லை. பாஸ்டன் தனவந்தர்கள் சந்தா போட்டுக் கூலி கொடுத்த படையே கலகத்தை ஒடுக்கியது. சொத்துள்ளவர்களின் நெஞ்சில் இது உண்டாக்கிய திகில் கொஞ்சமன்று.

அந்தத் திகிலும், தேசிய சர்க்காரைப் பலப்படுத்த அதற்கு முன்பே மாடிஸன், ஹாமில்டன் முதலிய அரசியல் தலைவர்கள் செய்துவந்த முயற்சியும் சேர்ந்துதான், 1787 மே மாதம் பிலடெல்பியாவில் 55 பிரதிநிதிகள் கூடிய அரசியல் நிர்ணய மாநாடாக முடிந்தன. ரோட் ஐலண்ட் ஒருவரையும் அனுப்பவில்லை. விதிகளைத் திருத்துவதற்கென்று கூடியவர்கள், கதவுகளைச் சாத்திக்கொண்டு நான்கு மாதம் வாதித்து, அவற்றை அடியோடு ஒதுக்கிவிட்டு, வரி விதிக்கும் காங்கிரஸும் ஜனாதிபதியும் உச்ச நியாயஸ்தலமும் கொண்ட புதிய அமைப்பொன்றை எழுதி வெளியே வந்தார்கள். இதை ஜனங்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்களென்று எண்ணிவிட வேண்டாம். வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27 என்ற சொற்ப வித்தியாசத்திலேயே அது நிறைவேறியது. ரோட் ஐலண்ட் 1790 மே மாதம் வரை பிணங்கி நின்று, 34-க்கு 32 என்ற வாக்கில் கடைசியாக உள்ளே வந்தது. தனி மனிதனுடைய உரிமைகளுக்குப் பாதுகாப்பு எங்கே என்று எதிர்த்தவர்கள் எழுப்பிய கூக்குரலே, 1791 டிசம்பரில் உரிமைகள் பற்றிய முதல் 10 திருத்தங்களாகப் பயன் தந்தது.

1789 மார்ச் 4-ஆம் தேதி கூடவேண்டிய புதிய காங்கிரஸுக்கும் பழைய வியாதி விடவில்லை. ஏப்ரலில்தான் இரண்டு சபைகளுக்கும் ஆள் சேர்ந்தது. முதல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாஷிங்டனோ, நிலம் ஏராளமாயிருந்தும் ரொக்கமில்லாமையால், பதவியேற்க நியூயார்க் போவதற்கே கடன் வாங்க வேண்டியிருந்தது. புதிய சர்க்காருக்கு முன்மாதிரியென்று ஏதுமில்லை. அவர் எடுத்துவைத்த ஒவ்வோர் அடியும் வழக்கமாகிவிடும். பூர்வகுடிகளோடு செய்யவேண்டிய உடன்படிக்கையைப் பற்றி ஆலோசனை கேட்க ஒரு நாள் அவர் செனட் சபைக்கு நேரில் போனார். அவர்கள் குழு அமைத்து ஆராயலாமென்று இழுக்கவே, சினம் கொண்டு திரும்பினார். அந்த முறையை அவர் பிறகு கைவிட்டுவிட்டார். தம்முடைய நான்கு துறைத் தலைவர்களைக் கூட்டிவைத்து ஆலோசிக்கத் தொடங்கியதிலிருந்தே அமெரிக்க மந்திராலோசனைச் சபை முளைத்தது.

அந்த நால்வரில், முப்பது வயதைச் சற்றே கடந்தவரும் மேற்கிந்தியத் தீவொன்றில் பிறந்து வந்தவருமான பொக்கிஷ மந்திரி அலெக்ஸாண்டர் ஹாமில்டன், 1790 ஜனவரியில் ஒரு கணக்கைச் சபைமுன் வைத்தார். தேசத்தின் கடன் சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர். ராஜ்யங்களின் கடன் சுமார் 2½ கோடி. இரண்டையும் தேசிய சர்க்காரே ஏற்று, முழு மதிப்பில் தீர்க்கவேண்டும் என்றார் அவர். கடன் கொடுத்த தனவந்தர்களுக்கு இந்தச் சர்க்கார் வாழ்வதில் சுயநலம் இருக்கும்படி செய்துவிட்டால், அதுவே தேசத்தைப் பிணிக்கும் கயிறாகுமென்பது அவருடைய கருத்து. ஆனால் நியாயம் எங்கே? சம்பளத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரம் பெற்ற சிப்பாய், வயிற்றுப்பாட்டுக்காக அதை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டான்; வாங்கி வைத்த வியாபாரிக்கு முழுத்தொகையும் போய்ச் சேர்வதா? முதற் சொந்தக்காரனுக்கும் பங்கு தரவேண்டுமென்று மாடிஸன் மன்றாடியும், 36-க்கு 13 என்று சபை அதைத் தள்ளிவிட்டது. தன் கடனில் பெரும்பாகத்தை ஏற்கனவே அடைத்துவிட்ட வர்ஜீனியா, பிறர் கடனுக்கு நாங்களா பிணை என்று கேட்டது. கடைசியில், வெளிவிவகார மந்திரி ஜெபர்ஸன் தம் வீட்டு விருந்தில் ஹாமில்டனையும் மாடிஸனையும் உட்காரவைத்துப் பேசிய ஏற்பாட்டின்படி, தலைநகரம் தெற்கே பொட்டோமாக் நதிக்கரையில் அமைவதென்றும், அதற்கு ஈடாகத் தெற்கத்தியார் சிலர் கடன் மசோதாவுக்குச் சம்மதிப்பதென்றும் முடிவாயிற்று. இன்றைய வாஷிங்டன் நகரம் அப்படிப் பேரத்தில் பிறந்ததுதான்.

கடனை ஏற்றவர்கள் வட்டிக்கு வழி தேட வேண்டுமே! சுங்க வரி போதாமல், 1791-ல் விஸ்கி சாராயத்துக்கும் வரி விதித்தார்கள். மேற்குப் பென்ஸில்வேனியாவின் குடியானவனுக்குச் சாராயம் வெறும் போதைப் பொருளன்று. அலிகெனி மலைகளைக் கடந்து ஒரு குதிரை சுமந்து செல்லக்கூடியது 4 புஷல் தானியமே; அதைச் சாராயமாக வடித்துவிட்டால் 24 புஷல் தானியத்தின் மதிப்பை அதே குதிரை சுமக்கும். நாணயப் புழக்கமில்லாத அந்தச் சீமையில் சாராயமே பண்டமாற்றுக்குப் பணமாயிருந்தது. வரி கட்டாதவன் மலை கடந்து பிலடெல்பியா நியாயஸ்தலத்தில் போய் நிற்க வேண்டும் என்ற கட்டளை எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. 1794 ஜூலையில் வரி அதிகாரியின் மாளிகையைக் கலகக்காரர்கள் கொளுத்தினார்கள். வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டித் தாமே குதிரையேறிப் புறப்பட்டார். படை போய்ச் சேர்வதற்குள் கலகம் கரைந்துவிட்டது. ராஜத்துரோகக் குற்றவாளிகளென்று தீர்ப்பான இருவரையும் அவர் மன்னித்துவிட்டார். ஷேஸ் கலகத்துக்குப் பின் ஏழே வருஷத்தில் நிகழ்ந்த மாறுதல் இது.

அதே ஆண்டுகளில் வெளிவிவகாரமும் ஒருவாறு சீர்பட்டது. 1791 நவம்பரில் ஓஹையோ பிரதேசத்துப் பூர்வகுடிகள், தங்கள் நிலத்தைக் காக்கப் போரிட்டு, 600-க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களை ஒரே காலையில் வீழ்த்தினார்கள். 1794-ல் அவர்கள் தோற்கவே, மறு ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் அந்நிலத்தின் பெரும்பகுதி பறிபோயிற்று. ஜான் ஜே என்பவர் லண்டனில் பேசி முடித்த உடன்படிக்கையைத் தெருத்தெருவாக நின்று ஜனங்கள் நிந்தித்தார்கள். ஆயினும் 1796-ல் பிரிட்டிஷார் கோட்டைகளைக் காலி செய்தது அதன் பலனே. ஹாமில்டனைச் சார்ந்தோர் ஒரு கட்சி, ஜெபர்ஸனைச் சார்ந்தோர் ஒரு கட்சி என்று தேசம் இரண்டுபட்டு, 1798-ல் சர்க்காரை இகழ்ந்தெழுதும் பத்திரிகைக்காரர்களைச் சிறையிலிடும் சட்டமும் வந்தது. எனினும் 1801 மார்ச் 4-ஆம் தேதி, தேர்தலில் தோற்ற ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் விடியுமுன் ஊரைவிட்டுப் போக, எதிர்க்கட்சித் தலைவரான ஜெபர்ஸன் ஒரு துப்பாக்கியும் வெடியாமல் பதவியேற்றார்.

இந்த வெற்றிகளையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது சரித்திரத்துக்குத் துரோகமாகும். 1790-ல் எடுத்த முதல் ஜனக்கணக்கில் 39 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட அரசியல் சட்டமே இடம் தந்திருந்தது. கடன் மசோதாவைப் பற்றி இரவு பகலாக வாதித்த அதே கூட்டத்தொடரில், முதுமையின் எல்லையிலிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் கையெழுத்திட்ட அடிமை ஒழிப்பு மனுவும் வந்தது. ராஜ்யங்களுக்குள் தலையிடத் தனக்கு அதிகாரமில்லை என்று சபை அதை ஒதுக்கி வைத்தது. பணக் கடனுக்காகத் தலைநகரத்தையே விலைபேசிச் சமரசம் கண்டவர்கள், மனிதர்களுக்குச் செலுத்த வேண்டியிருந்த கடனைத் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்கள். ஹாமில்டன் ஏற்கச் செய்த கடன் வளர்ந்தும் தேய்ந்தும் 1835 ஜனவரியில் முற்றிலும் தீர்ந்தது. ஒதுக்கி வைத்த மனுவின் விஷயமோ, 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட பிறகே சட்டமாயிற்று.