மோட்டார் விபத்தும் மூன்றாந் தரப்பு நஷ்ட ஈடும்

சோழவரம் வட்டாரத்தின் ஊடே சென்னை–கொல்கத்தா பெருவழி செல்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் லாரிகளும், வயலுக்குச் செல்லும் டிராக்டர்களும், பள்ளிச் சிறுவரின் சைக்கிள்களும் அதில் அடுத்தடுத்து ஓடுகின்றன. விபத்தில் அடிபட்டவர் குடும்பத்துக்குச் சேரவேண்டிய தொகை எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

வண்டியின் சொந்தக்காரர் ஒரு தரப்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனி மற்றொரு தரப்பு. அவர்களுடைய ஒப்பந்தத்தில் இடம்பெறாத வழிப்போக்கரே மூன்றாந் தரப்பு. அவர் பொருட்டே 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146ஆவது பிரிவில், இந்த இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது.

கம்பெனியில் இக்கோரிக்கைகளைக் கவனிக்கும் பிரிவின் தலைமை அதிகாரியை, பணம் தர மறுப்பதற்கென்றே அமர்த்தப்பட்டவராக நம்மவர் எண்ணுவதுண்டு. சட்டம் அவருக்கு வகுத்த வேலை வேறு. 2022 ஏப்ரல் முதல் அமலிலுள்ள 149ஆவது பிரிவின்படி, விபத்துச் செய்தி கிடைத்ததும் கம்பெனி ஓர் அதிகாரியைக் குறிப்பிடவேண்டும். அவர் 30 நாட்களுக்குள் சமரசத் தொகையொன்றைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கலாம். குடும்பத்தார் அதை ஏற்றால், தீர்ப்பாயம் பதிவுசெய்த சமரச ஆவணம் கிடைத்த 30 நாட்களுக்குள் கம்பெனி பணம் செலுத்தவேண்டும். ஏற்காவிடில் விசாரணை நடைபெறும். ஆதலின் இடைத்தரகர் நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடவேண்டியதில்லை.

நல்ல அதிகாரியும் காகிதம் இன்றி யாது செய்ய இயலும்? இறந்தவரின் ஆண்டு வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்து, எஞ்சியதை வயதுக்குரிய எண்ணால் பெருக்குகிறார்கள். 2009ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணையில் 40 வயதினருக்கு அவ்வெண் 15. 60 வயதினருக்கு 9. விவசாயிக்குச் சம்பளச் சீட்டு ஏது? சிட்டா, அடங்கல், பால் கூட்டுறவுச் சங்கப் புத்தகம், நெல் கொள்முதல் ரசீது ஆகியவையே அவருடைய வருமானம் பேசும். வயதுச் சான்றுடன் இவற்றைத் திரட்டிக் கொடுப்பதில் அங்கத்தினர்கள் துணைநிற்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நடவுக்குச் செல்லும் பெண்களை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிச் செல்வது நம் கிராமங்களில் வழக்கம். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்வோருக்கு இந்தக் கட்டாய இன்ஷூரன்ஸ் பொருந்தாதென்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. வண்டி கவிழ்ந்தால் நஷ்ட ஈட்டுப் பாரம் சொந்தக்காரரின் நிலத்தின்மேல் வந்து விழக்கூடும்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிடினும், 161ஆவது பிரிவின்கீழ் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. பிற கோரிக்கைகளுக்குச் சட்டத்தில் எழுதியுள்ள கெடு 6 மாதம். கருமாதி முடிந்ததும் மனுவைத் தொடங்கிவிடுதல் நன்று. விபத்து நடந்த இடத்துக்குரிய தீர்ப்பாயத்தில் மட்டுமன்றி, தாம் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் குடும்பத்தார் மனுச் செய்யலாம்.