தீவுகளில் ஒரு தொண்டு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

நாய்க்கும் பூனைக்கும் குடும்பக் கட்டுப்பாடா என்று கேட்டுச் சிரிப்பவர் உண்டு. தம் சொந்தச் செலவில் கடல் கடந்து சென்று, அயல்நாட்டு மக்கள் வளர்க்கும் நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஊதியமின்றி ஊழியம் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்று கூறினால், அந்தச் சிரிப்பு வியப்பாக மாறும். அவர்கள் அங்கே என்னதான் செய்கிறார்கள்? கால்நடை மருத்துவம் படிக்காதவருக்கு அங்கே என்ன வேலை? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விலங்கியல் பாடத்தில் நாம் பெயரளவில் அறிந்துள்ள கலாபகோஸ் தீவுகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

டார்வின் கண்ட தீவுகள்

தென் அமெரிக்காவிலுள்ள ஈக்வடார் நாட்டிற்கு மேற்கே, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் பெருங்கடலில் அமைந்த எரிமலைத் தீவுகளே கலாபகோஸ் தீவுகள். 1835ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் ஐந்து வார காலம் இங்குத் தங்கிச் சென்றார். 1959இல் ஈக்வடார் அரசு இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நிலப்பரப்பில் 97 விழுக்காடு பூங்காவைச் சேர்ந்தது. எஞ்சிய சிறு பகுதியில்தான் மக்கள் வாழ்கின்றனர். சாந்தா குரூஸ், சான் கிறிஸ்டோபல், இசபெலா, ஃபுளோரியானா ஆகிய நான்கு தீவுகளில் ஊர்கள் உள்ளன.

மனிதன் குடியேறிய இடமெல்லாம் நாயும் பூனையும் உடன் செல்வது இயல்பு. ஆனால் இத்தீவுகளின் விலங்குகளோ நாய், பூனை போன்ற ஊனுண்ணிப் பாலூட்டிகளை அறியாமலே பல்லாயிரம் தலைமுறைகள் வாழ்ந்தவை. எனவே பகைவனைக் கண்டதும் ஓட வேண்டும் என்னும் அச்சம் அவற்றிடம் போதிய அளவு இல்லை. கடலில் நீந்திப் பாசி தின்னும் ஓணான் இனம் உலகில் வேறெங்கும் கிடையாது. இசபெலா தீவில் காட்டில் திரிந்த நாய்கள் இந்தக் கடல் ஓணான்களைக் கூட்டமாக வேட்டையாடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பூனைகளோ ஓணான் குஞ்சுகளையும் பல்லிகளையும் பறவைகளையும் தின்கின்றன.

தீங்கு பற்களால் மட்டும் வருவதன்று. 2001ஆம் ஆண்டில் இத்தீவுகளின் நாய்களிடையே டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் பரவி நூற்றுக்கணக்கான நாய்கள் இறந்தன. அந்த வைரஸ் கடற்சிங்கங்களையும் தாக்கக் கூடியது. நாய்கள் உலவும் கடற்கரையிலேயே கடற்சிங்கங்களும் படுத்துறங்குகின்றன என்பதை எண்ணினால் அபாயத்தின் அளவு விளங்கும்.

நஞ்சும் கத்தியும்

இந்நிலையில் மனிதன் முதலில் நாடிய வழி நஞ்சு. 1980களின் தொடக்கத்தில் நஞ்சு கலந்த இறைச்சியிட்டுக் காட்டுநாய்களை ஒழிக்க முயன்றனர். காட்டுநாய்கள் குறைந்தன. எனினும் காட்டுநாயின் மூதாதை யார்? ஊரில் வளர்ந்த வீட்டுநாயே அன்றோ? வீட்டில் பிறந்து, வேண்டுவாரின்றித் தெருவில் விடப்பட்ட குட்டிதான் பின்னர் காட்டை அடைகிறது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைத்துப் பயனில்லை.

ஆகவே பிறந்ததைக் கொல்வதைவிட, வேண்டாத பிறப்பைத் தடுப்பதே அறம் என்ற கருத்து வலுப்பெற்றது. 2004ஆம் ஆண்டில் 'அனிமல் பேலன்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் கலாபகோஸில் நாய், பூனைகளுக்கான இலவசக் கருத்தடை முகாம்களைத் தொடங்கியது. 2010இல் தோன்றிய 'டார்வின் அனிமல் டாக்டர்ஸ்' என்னும் அமைப்பு, சாந்தா குரூஸ் தீவில் இலவச மருத்துவம் அளித்தது. இரண்டிலும் பல நாட்டு மருத்துவர்களும் தொண்டர்களும் பணியாற்றினர்.

உடலியல் கூறும் காரணம்

நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். பூனைக்கும் அவ்வளவே. பெண்பூனை பிறந்த நான்கைந்து மாதங்களிலேயே சூல்கொள்ளக் கூடும்; குட்டிகளுக்குப் பாலூட்டும் காலத்திலேயே மீண்டும் சினைப்படவும் கூடும். ஒரு சோடிப் பூனை சில ஆண்டுகளில் பல்லாயிரமாகும் என்று காகிதத்தில் பெருக்கிக் காட்டுவார்கள். அக்கணக்கு உண்மைக்குப் புறம்பானது. ஏனெனில் தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை பசியாலும் நோயாலும் வண்டிச் சக்கரத்தாலும் மடிந்துவிடுகின்றன. கருத்தடை தடுப்பது இந்தச் சாவுகளையே.

பெண் விலங்கிற்குச் சூலகங்களையும் கருப்பையையும் நீக்குவர். ஆணுக்கு விரைகளை நீக்குவர். பெண் விலங்கின் அறுவையில் வயிற்றைத் திறந்து, சூலகத்திற்குச் செல்லும் இரத்தக் குழாயை இறுகக் கட்டிய பின்னரே வெட்ட வேண்டும். இதனால் வேறு நன்மைகளும் உண்டு. கருப்பையில் சீழ் கட்டும் கொடிய நோய் வராது. இளமையிலேயே செய்தால் மடிப்புற்று வரும் வாய்ப்பும் குறையும். நாய்களிடையே புணர்ச்சியின்போது ஒட்டிப் பரவும் ஒருவகைப் புற்றுக்கட்டியும் கட்டுப்படும்.

முகாமில் ஒரு நாள்

இத்தகைய முகாம்கள் எந்த நாட்டில் நடந்தாலும் முறை ஏறத்தாழ ஒன்றே. பள்ளிக் கூடமோ சமுதாயக் கூடமோ ஒரு நாளில் மருத்துவமனையாக மாறும். உணவு மேசைகளே அறுவை மேசைகள். மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காதபடி நெற்றி விளக்குகள் இருக்கும்.

காலையிலேயே மக்கள் வரிசையில் நிற்பர். நாய் கயிற்றில் வரும். பூனை கூடையிலோ தலையணை உறையிலோ வரும். முதல் தொண்டர் உரிமையாளரின் மொழியில் விவரம் கேட்டு எழுதி, ஒப்புதல் கையெழுத்து வாங்கி, விலங்கின் கழுத்தில் எண் அட்டையைக் கட்டுகிறார். "இரவு முதல் ஏதேனும் தின்றதா?" என்பது அவர் தவறாமல் கேட்கும் கேள்வி. வயிற்றில் உணவிருந்தால் மயக்கத்தில் அது மேலெழுந்து நுரையீரலுக்குள் புகுந்துவிடும். ஆனால் சிறு குட்டிகளை நெடுநேரம் பட்டினி போடலாகாது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடும்.

அடுத்தவர் எடை பார்க்கிறார். இது எளிய வேலை போலத் தோன்றும். மயக்க மருந்தின் அளவு எடையைப் பொறுத்ததாகையால், இரண்டு கிலோப் பூனையை மூன்று கிலோ என்று எழுதினால் மருந்து ஒன்றரை மடங்காகிவிடும். ஓர் எண்ணில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

மயங்கிய விலங்கு கண் சிமிட்டாது. ஆகவே விழி உலராதிருக்கக் களிம்பு இடுகின்றனர். மூச்சுக்குழாயில் குழல் செலுத்தி, வயிற்று மயிரை மழித்து, மருந்து நீரால் துடைத்து மேசைக்கு அனுப்புகின்றனர். கத்தி மருத்துவருடையது. அவர் கைக்கு வரும் கருவிகளைக் கழுவி, நீராவியில் நுண்ணுயிர் நீக்கி, கட்டுக் கட்டாக அடுக்கித் தருபவர் மற்றொரு தொண்டர். அறுவை முடிந்ததற்கு அடையாளமாகத் தையலருகே பச்சை மையால் சிறு கோடு இடுவதுண்டு. பிற்காலத்தில் வேறொரு மருத்துவர் அதே வயிற்றை வீணே திறவாதிருக்கவே இவ்வேற்பாடு.

முகாமின் மிக இன்றியமையாத இடம் எது என்று கேட்டால், அறுவை மேசை என்று பலரும் விடை கூறுவர். அதற்கு ஒப்பான மற்றோர் இடம் தரையில் பாய் விரித்த மூலையாகும். மயக்கம் தெளியும் விலங்குகள் கிடப்பது அங்கேதான். நாய், பூனைகளின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். மயக்கத்தில் உடல் தன் வெப்பத்தைக் காக்கும் ஆற்றலை இழக்கிறது. மழித்த தோலும் ஈரமும் திறந்த வயிறும் மேலும் குளிரச் செய்கின்றன. உடல் சிறியதாக ஆக, எடைக்கு ஏற்பப் புறப்பரப்பு அதிகம் என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? அதனால் வெப்ப நாட்டிலும் ஒரு பூனைக்குட்டி குளிர்ந்து இறக்கக் கூடும்.

இங்கு அமர்ந்திருக்கும் தொண்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்க்கிறார். ஈறு இளஞ்சிவப்பாக உள்ளதா என்று காண்கிறார். விரலால் ஈறை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வெளுத்த ஈறு உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறியாகலாம். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அணைக்கிறார். துணியின்றி வைத்தால் தோல் வெந்துவிடும், மயங்கிய விலங்கோ விலகிக்கொள்ளாது. விழுங்கும் அசைவு தெரிந்ததும் குழலை எடுக்க மருத்துவ உதவியாளரை அழைக்கிறார். இவ்வேலைக்குப் பட்டம் தேவையில்லை. கற்றுத் தந்ததை வழுவாது செய்யும் பொறுமையும், சந்தேகம் வந்தால் உடனே குரல் கொடுக்கும் துணிவுமே தேவை.

மாலையில் உரிமையாளரிடம் ஒப்படைக்கும்போது, பத்து நாட்கள் நனைய விடாதீர்கள், தையலை நக்க விடாதீர்கள், வீக்கமோ கசிவோ கண்டால் உடனே வாருங்கள் என்று எடுத்துரைக்கின்றனர்.

மக்கள் மனமும் தொண்டின் எல்லையும்

கட்டணமில்லை என்றால் எல்லோரும் வந்துவிடுவர் என்பது தவறு. ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் பெண் நாய்க்கு நல்லது என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. மருத்துவம் அதை ஏற்பதில்லை. ஆண் நாயின் ஆண்மையைத் தம் மானமாகக் கருதுவோரும் எங்கும் உளர். இவர்கள் மனம் மாறுவது பிரசங்கத்தால் அன்று. அண்டை வீட்டு நாய் நலமாகத் திரும்பி வருவதைக் கண்டே மாறுகின்றனர். அதனாலேயே முகாமில் ஓர் உயிர் கவனக்குறைவால் போனால், அத்தெரு முழுவதும் கதவை அடைத்துக்கொள்ளும்.

இத்தொண்டைக் குறை கூறுவோரின் வாதத்திலும் உண்மை உண்டு. வந்தவர் விமானம் ஏறிய பின் தையல் பிரிந்தால் பார்ப்பது யார்? ஒருமுறை வந்து செல்வதால் பயன் என்ன? அறுவை செய்யப்படாத சில விலங்குகள் எஞ்சினாலும் எண்ணிக்கை மீண்டும் பெருகும். எனவே உள்ளூர் மருத்துவரோடு இணைந்தும், ஆண்டுதோறும் திரும்பி வந்தும், இறுதியில் அவ்வூராரே நடத்தும்படி செய்தும் முடிக்காத முகாம் அரைத் தொண்டே. கலாபகோஸில் வெளியிலிருந்து நாய், பூனைகளைக் கொண்டுவருவது தடை செய்யப்பட்டுள்ளது. 2012இல் ஏற்பட்ட உயிர்ப்பாதுகாப்பு நிறுவனத்திடம் வளர்ப்பு விலங்குகளைக் கண்காணிக்கும் பொறுப்பு உள்ளது. அயலார் தொடங்கியது அரசின் கடமையாக மாறுவதே சரியான வளர்ச்சி.

முடிவுரை

இவ்வழி நமக்குப் புதிதன்று. சென்னையில் 'புளூ கிராஸ்' அமைப்பு 1964இலேயே தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைத்தது. ஆயினும் மாநகராட்சி அதனை ஏற்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிவியல் வழி காட்டியும் மனிதன் நடக்கத் தயங்கிய ஆண்டுகள் அவை.

மாணவ நண்பர்களே! தொண்டு செய்ய முதலில் பெரும்பொருளும் பெரும்பட்டமும் வேண்டும் என்று எண்ணிக் காத்திருக்கிறோம். எடையைச் சரியாக எழுதுவதும், ஈறின் நிறத்தை விழிப்புடன் நோக்குவதும், நடுங்கும் குட்டிக்குத் துணி போர்த்துவதும் தொண்டே. நம் ஊரில் அடுத்த முறை கால்நடை மருத்துவ முகாமோ வெறிநாய்த் தடுப்பூசி முகாமோ நடைபெறும்போது, வேடிக்கை பார்ப்போர் வரிசையில் நில்லாமல், எண் அட்டை கட்டும் மேசையருகே சென்று நிற்போமாக!