கழுகும் பருந்தும்

வானில் வட்டமிடும் பெரும்பறவை எதுவாயினும் அதனைக் கழுகு என்றோ பருந்து என்றோ சொல்லிவிடுகின்றோம். நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை.

பருந்து, இரையைக் கண்டதும் பாய்ந்து கவர்வது. கோழிக்குஞ்சுக்குப் பகை. புறநானூற்றில் சோழனிடம் அடைக்கலம் புகுந்த புறாவைத் துரத்தியதும் பருந்தே. உயரப் பறந்து, வேண்டியதை மட்டும் கவர்ந்து மீளும் அதன் இயல்பு கண்டு, நன்னூலார் சூத்திர நிலைகளுள் ஒன்றுக்குப் ‘பருந்தின் வீழ்வு’ எனப் பெயரிட்டார். வெண்தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட செம்பருந்தையே கருடன் என வணங்குகிறோம். கும்பாபிஷேக வேளையில் அடியார் அண்ணாந்து தேடுவதும் அதனையே.

கழுகோ பிணந்தின்னும் பறவை. எருவை, பாறு என்பனவும் இவ்வினத்துப் பெயர்களே. பரணி நூல்கள் இவற்றைப் போர்க்களத்திலே காட்டும். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் வந்து அமுதுண்டவையும் இவ்வினத்து வெண்கழுகுகளே. பிற்காலத்தில் ஆங்கிலேயரின் ‘ஈகிள்’ என்னும் வேட்டைப் பறவைக்கும் கழுகு என்றே பெயர் சொல்லத் தொடங்கினோம். பிணந்தின்னிக் கழுகு இலங்கையில் நிலைத்து வாழும் பறவை அன்று. ஆதலால் இந்த மயக்கம் இங்கே எளிதில் வேரூன்றியது.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். சடாயுவை எண்ணிப் பாருங்கள். மாணவர் பலர் அவரைக் கம்பீரமான ‘ஈகிள்’ ஆகவே மனத்தில் வரைகின்றனர். வான்மீகி அவரைக் கிருத்திரராசன், அதாவது பிணந்தின்னிக் கழுகுகளின் அரசன் என்கிறார். பிறர் அருவருக்கும் இனத்திலே தோன்றிய ஒரு முதியவர், சீதையின் அபயக்குரல் கேட்டு உயிரைக் கொடுத்தார். பிணமுண்ணும் இனத்தவராகிய அவருக்கு இராமன் மகனாய் நின்று ஈமக்கடன் செய்தான். பிறப்பை அன்று, செயலையே காவியம் போற்றியது. சொல்லின் பொருள் மயங்கினால் இந்த நயமும் மறைந்துவிடும்.

1990களில் இந்தியாவில் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. கால்நடைகளுக்குக் கொடுக்கும் டைக்குளோபினாக் மருந்து, இறந்த மாட்டின் ஊன்வழியே அவற்றைக் கொன்றதென 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. 2006இல் அங்கு அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. ஆயினும் பழைய பெருங்கூட்டங்கள் மீளவில்லை. பறவையே அருகிவரும் இக்காலத்தில், அதன் பெயரையேனும் பொருள் மாறாமல் அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தல் தமிழ் பயிற்றுவோர் கடனாகும்.